ஊருக்குள் கம்பெனிக் கடை வருகிறது: எதிர்ப்பதா, நிபந்தனை போடுவதா, சேர்ந்து வாங்குவதா, இடத்தை விட்டுக்கொடுப்பதா?

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தை நாலு பேர் டேப் பிடித்து அளந்தால் போதும், சாயங்காலத்துக்குள் பஜாருக்குச் சேதி வந்துவிடுகிறது: "கம்பெனிக் கடை வரப்போகுதாம்." பெரிய கம்பெனி நடத்துகிற சூப்பர் மார்க்கெட்டைத்தான் பஜாரில் அப்படிச் சொல்கிறோம். கம்பம், களியக்காவிளை, பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரம் என்று கேரளத்து வாடிக்கையை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கவலை இது. எதிர்த்து மனு கொடுக்கலாமா? கேஸ் போட்டால் நிற்குமா? நாலு கடை சேர்ந்து ஏதாவது செய்யலாமா? இல்லை, மெயின் ரோட்டில் இருக்கிற நம் இடத்தை அவர்களுக்கே வாடகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? இப்படிக் குழம்பி நிற்கிற பலசரக்குக் கடைக்காரர்களுக்காகவும், ஊர்க்காரர்களுக்காகவும், வணிகர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் பஜாரில் வளர்ந்தவன். பஜார் நிலைக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை கணக்கை மறைத்துவிடக் கூடாது என்பதால், முதலில் எதை வைத்து அளப்பது என்று சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

ஒன்று, கடன். விலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். ஆனால் எல்லையோர பலசரக்குக் கடையின் உயிர் பற்று நோட்டில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், ஆரியங்காவு, கழுதுருட்டிப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு முந்தின வாரம் வந்து நிற்கிற பெண், கால் கிலோ துவரம் பருப்பு, இருபது ரூபாய்க்கு நல்லெண்ணெய், ஒரு பொட்டலம் சீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டே, "பையனுக்கு காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்பார். "விட்டுட்டு அண்ணாச்சி, சம்பளம் போட்டதும் தாரேன்." பாண்டு பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. பில்லிங் மிஷினில் இதற்கு இடமில்லை. இந்த நோட்டு மூடினால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? மாத வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகும்.

இரண்டு, தெரு. கடைகளின் வாசலில் உட்கார்ந்து கீரை, வாழை இலை, கொய்யா, மரவள்ளிக் கிழங்கு விற்கும் பெண்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. பஜாருக்கு வருகிற கூட்டம் குறைந்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். சங்கக் கூட்டத்தில் அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனாலேயே இதைத் தனி அளவுகோலாக வைக்கிறேன்.

மூன்று, ஊரின் சாயல். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தச் சரித்திரம் இன்றும் கடை அலமாரியில் தெரியும். பொன்னி மூட்டைக்குப் பக்கத்தில் மட்டை அரிசி, இட்லி அரிசிக்கு மேல் தட்டில் புட்டுப் பொடி. சுவரில் தமிழ் தினசரிக் காலண்டர் மாட்டிய ஆணிக்கு அடுத்த ஆணியில் மலையாளக் காலண்டர். திருவோணம் என்றைக்கு விழுகிறது என்று பார்த்துத்தான் நேந்திரங்காய்க்கும் வெல்லத்துக்கும் முன்கூட்டியே ஆர்டர் போட வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார்களுக்கு நெய், கற்பூரம், கறுப்பு வேட்டி. ஆனி, ஆடியில் குற்றாலம் சீசன் கூட்டம். இவ்வளவும் கடைக்காரர் தலைக்குள் இருக்கிற கணக்கு. வேறு ஊர்த் தலைமை அலுவலகத்திலிருந்து சரக்கு வருகிற கடைக்கு இந்தக் கணக்கு தெரிய நாளாகும். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அதற்கு இல்லாமலும் போகலாம்.

நான்கு, நாளும் கைக்காசும். எந்த வழியானாலும் யாராவது அலைய வேண்டும், யாராவது காசு போட வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வருவாய்த்துறை அலுவலகத்துக்கு நடக்கிறவருக்கு அன்றைய வியாபாரம் போச்சு.

ஐந்து, திரும்பிப் போக முடியுமா? எடுத்த முடிவு தப்பாகப் போனால் பழைய நிலைக்கு வர முடியுமா என்பதை எல்லாரும் கடைசியில்தான் யோசிக்கிறோம். முதலில் யோசியுங்கள்.

## முழுக்க எதிர்ப்பது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். "தமிழ்நாட்டில்தான் இதற்கு அனுமதி இல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். 2012-இல் மத்திய அரசு பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதித்தது. ஏற்பதும் மறுப்பதும் மாநிலத்தின் விருப்பம், அதுவும் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே என்று வைத்தது. தமிழ்நாடும் கேரளமும் வேண்டாம் என்றன. ஆனால் அந்த மறுப்பு அந்நிய முதலீட்டுக்கு மட்டும். இந்தியக் கம்பெனி ஒன்று உங்கள் ஊரில் முப்பதாயிரம் சதுர அடியில் கடை போட அந்தத் தடை குறுக்கே நிற்காது.

அடுத்தது நீதிமன்றம். "எங்கள் வியாபாரம் படுத்துவிடும்" என்று போட்டிக் கடைக்காரர் போடுகிற வழக்கு நிற்பது மிகக் கடினம். 1970-இலேயே ஓர் அரிசி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம், பக்கத்தில் வேறொருவர் ஆலை வைப்பதைப் போட்டியாளர் என்ற முறையில் தடுக்க உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. பின்னால் ஒரு சினிமா கொட்டகை வழக்கிலும் அதே நிலைதான். நஷ்டத்துக்கு விற்று நம்மை ஒழிக்கிறார்கள் என்று 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் கீழ் போகலாமா என்றால், எதிராளி அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பதாக முதலில் காட்ட வேண்டும். புதிதாக வருகிற கடைமேல் அதைக் காட்டுவது லேசில்லை.

அப்படியானால் எதிர்ப்பே வீணா? இல்லை. எதை எதிர்க்கிறோம், யார் எதிர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரப் போட்டி என்ற காரணத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பாருங்கள்:

- அது நன்செய் நிலமா? திட்டப் பகுதிக்கு (அரசின் நகரமைப்புத் திட்டத்துக்குள் வருகிற பகுதி) வெளியே இருக்கிற நன்செய்யை மனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும்.
- குளத்துக்குப் போகிற வாய்க்கால் அதற்குள் ஓடுகிறதா? கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடம் பார்த்தால் தெரியும்.
- வாகனம் நுழைகிற வழி பள்ளிக்கூடத்துக்கு எதிரே வருகிறதா? நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் வண்டி திரும்பும்?

இந்தக் கேள்விகளைக் கேட்க அந்தப் பகுதியில் குடியிருப்பவருக்கும், அந்த வாய்க்காலில் பாசனம் செய்கிறவருக்கும் முழு உரிமை உண்டு. எனவே மனுவில் முதல் கையெழுத்து மளிகைக் கடைக்காரருடையதாக இருக்க வேண்டாம். விவசாயியும், பள்ளிப் பெற்றோரும், தெருவாசிகளும் முன்னே நிற்கட்டும். ஊராட்சி எல்லைக்குள் இடம் இருந்தால் கிராம சபையில் எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் திட்ட அனுமதிக் கோப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் கையில் நகல் மட்டும்தான் மிஞ்சும்.

மறைந்திருக்கிற செலவு இங்கேதான் அதிகம். வக்கீல் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது, சங்கம் இரண்டாக உடைவது. மெயின் ரோட்டில் இடம் வைத்திருப்பவருக்குக் கம்பெனி வந்தால் லாபம். சந்துக்குள் கடை வைத்திருப்பவருக்கு நஷ்டம். ஒரே சங்கத்தில் இருவரும் இருக்கிறார்கள். போராட்டம் நீள நீள இந்த விரிசல் பெரிதாகும், பிறகு கூட்டாகச் செய்ய வேண்டிய வேறெதுவும் நடக்காது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற சிறு ஊர் வால்மார்ட்டை இருபது வருஷம் தள்ளிப்போட்டது. கம்பெனியின் முதல் முயற்சி 1993. கடை திறந்தது 2013. பெரிய கட்டுமானம் எதுவானாலும் ஊரின் நிலத்துக்கும் உள்ளாட்சியின் வரவு செலவுக்கும் என்ன ஆகும் என்று பார்த்தே அனுமதி தரச் சொல்கிற சட்டம் அங்கே 1970-இலிருந்து இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு இரண்டு வருஷம் தள்ளிப்போனாலே பெரிது. அந்த இரண்டு வருஷத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று யோசிக்காமல் எதிர்ப்பில் இறங்கக் கூடாது.

இது பொருந்துகிற இடம்: திட்ட அனுமதி இன்னும் கொடுக்கப்படாதபோது, நிலத்திலேயே உண்மையான கோளாறு இருக்கும்போது, கடைக்காரர் அல்லாத ஊர்க்காரர்கள் முன்னால் நிற்கத் தயாராக இருக்கும்போது.

## வரட்டும், ஆனால் நிபந்தனையோடு

பேச்சுவார்த்தை என்று உட்கார்ந்தால் கம்பெனி சார்பில் வருகிறவர் மூன்று விஷயம் சொல்வது வழக்கம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை, உள்ளூர் விவசாயியிடம் காய்கறி கொள்முதல், ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை. மூன்றையும் கேட்டு மகிழ்ந்து எழுந்து வந்துவிடாதீர்கள். கட்டட அனுமதியில் எழுத முடியாத எதையும் பின்னால் கேட்டு வாங்க முடியாது. "பாவூர்சத்திரம் மார்க்கெட்டில்தான் காய் எடுப்போம்" என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? கொடுத்தாலும் எந்த அதிகாரி அதை வந்து பார்ப்பார்?

அனுமதியில் எழுத முடிந்தவை வேறு: வண்டி நிறுத்துமிடம், நுழைவு வழியும் வெளியேறும் வழியும், மழைநீர் வடிகால், கழிவு நீர், கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இவற்றுக்கெல்லாம் அளவு இருக்கிறது. புதிதாக எதையும் கெஞ்சிக் கேட்க வேண்டாம், விதியில் உள்ளதை முழுசாக அமல்படுத்தச் சொன்னாலே பாதி பிரச்சினை தீரும். ஓணத்துக்கு முந்தின வாரம் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் வண்டிகள் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு, நுழைவு வழி எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாரியில் சரக்கு இறக்குகிற நேரத்தைப் போக்குவரத்துப் போலீசோடு பேசி நிர்ணயிக்கலாம்.

பெயர்ப் பலகையும் சின்ன விஷயம் இல்லை. தமிழ் முதலில், பெரிதாக, பிறகு ஆங்கிலம், பிறகு வேறு மொழி என்று ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நம் பஜார் பலகைகளில் அந்த மூன்றாவது இடம் மலையாளத்துக்கு. புனலூரிலிருந்து ரயிலில் வந்திறங்குகிற அம்மச்சி எழுத்துக் கூட்டிப் படித்துக் கடைக்குள் வருகிறார் என்றால் அந்தப் பலகையால்தான்.

வேலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிக் கடையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கும், நம் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. இதை மறைத்துப் பேசினால் ஊர்ப் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் சட்டம் திருத்தியது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் தொடங்கிய போராட்டம் அதற்குக் காரணம். தமிழ்நாடு 2021-இல் அதே திருத்தத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நம் கடைக்கும் சேர்த்துத்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு, அடுத்தவர் கடையைப் பற்றிப் பேசுவோம்.

இந்த வழியில் எல்லாரும் மறந்துபோகிற காரியம் ஒன்று இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே உறுப்பினர்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அவர்களை நினைத்தபடி எழுப்ப முடியாது. ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் இடங்களைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து அவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பெரிய கடை வந்த பிறகு "போக்குவரத்துக்கு இடைஞ்சல்" என்று முதலில் அப்புறப்படுத்தப்படுவது வாசலில் கீரைக் கூடை வைத்திருப்பவரைத்தான். கடை வருவதற்கு முன்னாலேயே அவர் கையில் சான்றிதழ் இருக்கட்டும். இதற்கு வக்கீல் வேண்டாம், கம்பெனியின் சம்மதமும் வேண்டாம். நகராட்சியில் விடாமல் போய்க் கேட்க நாலு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கிற செலவு: நிபந்தனை போட்டுவிட்டோம் என்ற நிம்மதி. திறப்பு விழா முடிந்ததும் கண்காணிக்க யாரும் இருப்பதில்லை.

பொருந்துகிற இடம்: நிலத்தில் கோளாறு இல்லை, அனுமதி எப்படியும் கிடைத்துவிடும் என்று தெரியும்போது.

## சேர்ந்து வாங்குவது

எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி இது. அதனாலேயே இதன் கஷ்டங்களை விரிவாகச் சொல்கிறேன்.

கம்பெனிக் கடை எப்படி விலை குறைக்கிறது? சோப்பு, பிஸ்கட் தயாரிப்பாளரிடம் நேரடியாக, லாரி லாரியாக வாங்குகிறது. நமக்கு அதே சோப்பு ஸ்டாக்கிஸ்ட் வழியாக, லைன் வண்டியில், பெட்டி பெட்டியாக வருகிறது. 2021 கடைசியில் நாட்டில் உள்ள விநியோகஸ்தர்களே கம்பெனிகளோடு இதற்காக மோதினார்கள்: பெரிய மொத்த விற்பனைக் கம்பெனிகளுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா என்று. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு, ஒரே குடோனிலிருந்து இரண்டு மாநிலத்துக்கும் சரக்கு அனுப்புவது பெரிய கம்பெனிகளுக்குச் சுலபமாகிவிட்டது. எல்லை என்பது முன்பு நமக்கு ஒரு வேலியாக இருந்தது. இன்று அது இல்லை.

2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். விற்காமல் இருக்க ஒன்றுசேர்ந்த கடைகள் வாங்குவதற்கு ஒன்றுசேர்ந்ததில்லை. அந்தப் பழக்கம்தான் இப்போது வேண்டும். இது புதுசும் இல்லை: சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது. அது வாங்குகிறவர்கள் சேர்ந்தது. நாம் பேசுவது விற்கிறவர்கள் சேர்வது. கணக்கும் கட்டுப்பாடும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பதினைந்து கடைகள். ஒவ்வொன்றும் மாதம் இரண்டு லட்ச ரூபாய்க்குச் சர்க்கரை, பருப்பு, எண்ணெய், அரிசி கூட்டாக வாங்குகிறது. மொத்தம் 30 லட்சம். நேரடிக் கொள்முதலில் மூன்று சதவீதம் குறைந்தால் 90,000 மிச்சம். குடோன் வாடகை 15,000, கணக்கெழுத ஒருவரும் லோடுமேன் ஒருவரும் 32,000, வண்டி டீசல் 12,000. செலவு 59,000. மிஞ்சுவது 31,000, கடைக்கு இரண்டாயிரம் சொச்சம். விலைக் குறைப்பு ஒன்றரை சதவீதம்தான் கிடைத்தது என்றால் 45,000 வரும், கையிலிருந்து 14,000 போகும். ஆக, பத்துக் கடை சேர்ந்து கொஞ்சமாக வாங்கினால் இது தாங்காது. நான்கைந்து சரக்கில் ஆரம்பித்து, அளவைப் பெருக்கி, பிறகு சரக்கு வகையைக் கூட்டுவதே நல்லது. பதினைந்து நாள் சரக்குக்கான முதல் 15 லட்சம். கடைக்கு ஒரு லட்சம் முன்பணம் என்று வைத்தால்தான் வண்டி ஓடும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

வரி முதலாவது. ஒன்றரைக் கோடி வரை விற்றுவரவு உள்ள கடைகள் காம்பொசிஷன் திட்டத்தில் ஒரு சதவீத வரி கட்டிவிட்டுப் போகலாம். ஆனால் உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற வசதி) கிடையாது, மாநிலம் தாண்டி விற்பனை செய்யவும் கூடாது. ஆரியங்காவு வாடிக்கையாளர் கடைக்கு வந்து கையில் வாங்கிப் போவது ஒன்று. ஆரியங்காவில் இருக்கிற கடைக்கு நீங்கள் பில் போட்டு லோடு ஏற்றி அனுப்புவது வேறொன்று. கூட்டாக வாங்கிய உற்சாகத்தில் மலைக்கு அந்தப் பக்கமும் மொத்த வியாபாரம் செய்யலாம் என்று தோன்றும். அதற்குக் கூட்டு நிறுவனம் வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில் இருக்க வேண்டும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு வண்டிக்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். ஆடிட்டரிடம் கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, நம்பிக்கை. அடக்க விலை எல்லாருக்கும் தெரிந்துவிடும். "எனக்கு 98 ரூபாய்க்கு அடக்கமான எண்ணெயை நீ 99-க்கு விற்கிறாயே" என்று எதிரெதிர்க் கடைக்காரர்கள் சண்டை போடுவார்கள். விற்பனை விலை அவரவர் விருப்பம் என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, பாக்கி. கூட்டில் ஒருவர் இரண்டு மாதம் பணம் கட்டாமல் இழுத்தால் மற்றவர்கள் முதல் முடங்கும். முன்பணத்துக்கு மேல் சரக்கு கிடையாது என்ற விதியை மாமன் மச்சான் உறவுக்காகத் தளர்த்தினால், அன்றோடு கூட்டு முடிந்தது.

நமக்கு இயற்கையாகவே சாதகமான ஒன்றும் உண்டு, லூஸ் சரக்கு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமாகவும் லேபிள் ஒட்டியும் வருகிற அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி.; ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்த கதை எல்லாருக்கும் தெரியும். மூட்டையைப் பிரித்து வாடிக்கையாளர் கேட்ட அளவுக்கு நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கு அந்த வரி இல்லை. கம்பெனிக் கடையின் அலமாரி பாக்கெட்டை நம்பியது. கால் கிலோ கேட்கிறவருக்குக் கால் கிலோ, புட்டரிசி கேட்கிறவருக்குக் கையில் அள்ளிக் காட்டிவிட்டுப் போடுவது நம்மால்தான் முடியும்.

பொருந்துகிற இடம்: பத்துக்கு மேற்பட்ட கடைகள் இன்னும் பத்து வருஷமாவது கடை நடத்த நினைக்கும்போது. கடை வருவதற்கு முன்பே ஆரம்பித்தால் பலன் அதிகம். வந்த பிறகும் செய்யலாம்.

## இடத்தைக் குத்தகைக்கு விடுவது

இதைச் செய்பவரைத் துரோகி என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயதாகிவிட்டது, பிள்ளைகள் கடைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், மெயின் ரோட்டில் அரை ஏக்கர் இருக்கிறது என்றால் அவர் வேறென்ன செய்வார்?

ஒப்பந்தத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படியுங்கள். "லாக்-இன்" (இத்தனை வருஷம் வரை விலகக் கூடாது) என்ற பிரிவு இடக்காரரை மட்டும் கட்டிப்போட்டு, கம்பெனி மூன்று மாத நோட்டீசில் வெளியேறலாம் என்று இருக்கிறதா? கட்டடத்தை அவர்கள் வரைபடத்துக்குக் கட்டித் தரச் சொல்கிறார்களா? அப்படியானால் கடன் உங்கள் பேரில். நடுவே சுவரில்லாத இருபதாயிரம் சதுர அடி மண்டபம் அவர்கள் போன பிறகு சின்னக் கடைகளுக்கு உதவாது, திரும்பப் பிரிக்கப் பல லட்சம் ஆகும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். முத்திரைத் தீர்வை யார் தலையில் என்று கேளுங்கள். வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டு.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழு எதிர்ப்பு | நிபந்தனை | கூட்டுக் கொள்முதல் | குத்தகை |
|---|---|---|---|---|
| கைச்செலவு | வக்கீல், அலைச்சல் | அலைச்சல் மட்டும் | கடைக்கு ஒரு லட்சம் அளவில் முன்பணம் | கட்டடக் கடன் இருக்கலாம் |
| பலன் தெரிய | ஆண்டுக்கணக்கில் | அனுமதிக்கு முன் சில மாதம் | ஆறு மாதம் முதல் | முதல் மாத வாடகையிலேயே |
| பற்று நோட்டு | தள்ளிப்போகிற வரை நிற்கும் | நேரடிப் பாதுகாப்பு இல்லை | நிலைக்க வாய்ப்பு அதிகம் | அந்தக் கடையோடு மூடும் |
| வாசல் வியாபாரிகள் | வென்றால் நன்மை | சான்றிதழ் கேட்டால் உறுதியான பலன் | பஜார் கூட்டம் நின்றால் அவர்களும் நிற்பார்கள் | பாதிப்பு |
| தோற்றால் மிஞ்சுவது | உடைந்த சங்கம் | ஒழுங்கான வண்டி நிறுத்துமிடம் | குடோனும் பழக்கமும், சிலருக்கு முன்பண நஷ்டம் | சுவரில்லாத கட்டடம் |

## யாருக்கு எது

வாய்க்காலை மறித்தோ நன்செய்யை நிரப்பியோ கட்டப் போகிறார்கள் என்றால் தயங்காமல் எதிர்க்க வேண்டும். அது கம்பெனிக் கடையாக இருந்தாலும், உள்ளூர்ப் பெரிய மனிதரின் கல்யாண மண்டபமாக இருந்தாலும் அப்படித்தான். நிலம் சுத்தமாக இருக்கிறது, ஆட்சேபம் வியாபாரம் மட்டும் என்றால், எதிர்ப்புக்குச் செலவாகிற பணத்தையும் ஆளையும் கூட்டுக் கொள்முதலில் போடுங்கள். கூடவே தெருவோர வியாபாரிகளின் சான்றிதழுக்கு நகராட்சியில் அழுத்தம் கொடுங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

களியக்காவிளை போல எல்லைமேலேயே இருக்கிற ஊர்களில் வாடிக்கையாளர் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு ஊருக்கு ஊர் மாவேலி ஸ்டோர் (கேரள அரசின் சலுகை விலைக் கடை) இருக்கிறது, விலைக்காக மட்டும் இங்கே வர மாட்டார்கள். காய்கறி, பூ, லூஸ் சரக்கு, பேரம், பழக்கம் என்று வருகிறார்கள். இங்குள்ள கடைகள் ஏசியும் தானியங்கிக் கதவும் போட்டுக் கம்பெனிக் கடையைப் போல வேஷம் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுத்தமான தராசு, தெளிவான விலைப் பலகை, ரசீது, யு.பி.ஐ. போதும்.

தனியாகக் கடை நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: கணவர் இல்லை, மகன் வளைகுடாவில், கடை வாடகை இடத்தில், பற்று நோட்டில் நிறையப் பாக்கி, எதில் சேர்வது என்று. அக்கா, எந்தக் கூட்டிலும் இப்போது முன்பணம் போடாதீர்கள். முதலில் நோட்டைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற பாக்கியைத் தனியாகப் பிரித்து, ஆளுக்கு மாதம் இருநூறு முந்நூறு என்று தவணை பேசுங்கள். புதுப் பற்றுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உச்ச வரம்பு எழுதி வையுங்கள். வாடகை இடம் என்பதால், இடக்காரர் கம்பெனியிடம் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று அவரிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். உங்கள் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் இந்த மாதமே எழுதி வாங்குங்கள். கூட்டு ஆரம்பித்து ஒரு ஓணம் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்போது உறுப்பினராகச் சேரலாம். அதுவரை உறுப்பினர் கடை ஒன்றிலிருந்து சர்க்கரையும் பருப்பும் அடக்க விலைக்கு மேல் கிலோவுக்கு ஒரு ரூபாய் வைத்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.